லிட்டருக்குப் பதினான்கு

அருளானந்தம் சம்மாட்டியிடம் மூன்று பிக்கப் வண்டிகள் இருந்தன. படகு வைத்திருக்கும் முதலாளியைத் தங்கச்சிமடம் பக்கம் சம்மாட்டி என்றுதான் சொல்வார்கள். அவருக்கு நான்கு விசைப்படகுகள் உண்டு. மூன்று வண்டிகளும் ஒரே மாதத்தில், ஒரே கம்பெனியில் எடுத்தவை. காலையில் மண்டபத்திலிருந்து ஐஸ் ஏற்றிக்கொண்டு ராமேஸ்வரம் ஜெட்டிக்குப் போகும். அங்கிருந்து மீனும் நண்டும் ஏற்றிக்கொண்டு ராமநாதபுரம் போகும். ஒரே ரோடு, ஒரே பாரம், ஒரே பங்க்கில் டீசல். அப்படியிருந்தும் இரண்டு வண்டிகள் லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் கொடுத்தன. பிரடெரிக் ஓட்டிய வண்டி மட்டும் பதினான்கு கொடுத்தது.

பிரடெரிக்குக்கு அப்போது நாற்பத்தேழு வயது. அண்ணன்மார் இருவரும் கடலுக்குப் போகிறவர்கள். இவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வண்டிதான். ஐஸ் லாரியில் தொடங்கி, பத்து வருஷம் அங்கே இங்கே ஓட்டி, பிறகு சம்மாட்டியிடம் வந்து சேர்ந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. மனைவி ஷெரின் மண்டபத்தில் ஒரு நண்டுக் கம்பெனியில் ஓடு உடைத்துச் சதை எடுக்கும் வேலை பார்த்தாள். மகள் ஆன்சி ராமநாதபுரத்தில் காலேஜ் இரண்டாம் வருஷம். நிலமோ படகோ கிடையாது. கோயில் கமிட்டியிலும் இல்லை. ஊரில் நாலு பேர் அவனைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருந்தது என்றால் அது அந்தப் பதினான்குதான்.

அதில் மந்திரம் எதுவும் இல்லை. திங்கட்கிழமை காலையில், டயர் சூடேறுவதற்கு முன்பே காற்று பிடித்துவிடுவான். மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் பிரேக்கைத் துருப்பிடிக்க வைத்துச் சக்கரத்தை இறுக்கும் என்பதால் தினமும் நல்ல தண்ணீர் விட்டுச் சக்கரங்களைக் கழுவுவான். ராமநாதபுரம் போய் இறங்கியதும் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பான். ஒன்று மட்டும் கூடுதலாகச் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தார்ப்பாயைக் காற்றில் படபடக்க விடமாட்டான், படிய இழுத்துக் கட்டுவான். ஐம்பத்தைந்துக்கு மேல் போகமாட்டான். இன்ஜின் கத்துவதற்கு முன் கியரை மாற்றுவான், திணறவும் விடமாட்டான். உச்சிப்புளி கடைத்தெரு வேகத்தடை தூரத்தில் தெரியும்போதே ஆக்சிலேட்டர் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவான். வண்டி தானாக உருண்டு போய், பிரேக்கே தேவைப்படாமல், வேகத்தடை மேல் ஏறி இறங்கும். எங்கேயாவது இரண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால் முதல் வேலையாகச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிடுவான். ஜெட்டியில் பெட்டி ஏற்றும்வரை மற்ற வண்டிகள் அரை மணி நேரம் உறுமிக்கொண்டு நிற்கும். இவன் வண்டி மட்டும் சத்தமில்லாமல் நிற்கும்.

"ஏலே, பொணத்தையா ஏத்திட்டுப் போற? இம்புட்டு மெதுவா?" என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். அவர்களை விட நாலே நிமிஷம்தான் பிந்திப் போய்ச் சேர்கிறோம் என்பதை பிரடெரிக் கடிகாரம் பார்த்து வைத்திருந்தான். ஆனால் சொன்னதில்லை.

ஆயில் விஷயத்திலும் அவன் பிடிவாதக்காரன். வண்டியோடு வந்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அதை ஆன்சியிடம் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொன்னான். "இந்த வண்டிக்கு மெல்லிசான ஆயில்தான் ஊத்தணுமாம்ப்பா. அதுலயும் எரிஞ்சா சாம்பல் கம்மியா விடுற ஆயிலாம். வேற ஊத்தக் கூடாதுன்னு தடிச்ச எழுத்துல போட்டிருக்கு" என்றாள் அவள். ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. புத்தகம் சொல்கிறது, அது போதும். அந்த டப்பாவின் மேலிருந்த நம்பரை செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டான். ராமநாதபுரத்தில் கேட்டு வாங்கி, உச்சிப்புளியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மலையாண்டியிடம் கொண்டுபோய், கண்ணெதிரே மாற்றினால்தான் அவனுக்கு நிம்மதி.

இந்தப் பெருமை ஒருமுறை ஒருவனுடைய வயிற்றில் அடித்திருக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும்.

சம்மாட்டியின் இரண்டாவது வண்டியை ஓட்டியவன் அருள்முருகன். அபிராமம் பக்கத்துக்காரன், பிரடெரிக்கை விடப் பன்னிரண்டு வயது இளையவன். ஏலத்துக்கு நேரத்தோடு சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய ஓட்டம் பெரும்பாலும் அவன் தலையில்தான் விழும். அதனால் அழுத்தித்தான் ஓட்டுவான். ஒருநாள் சம்மாட்டி பிரடெரிக்கைக் கூப்பிட்டு, "நாளைக்கு நீ அவன் வண்டிய எடு. என்ன குடுக்குதுன்னு பாப்போம்" என்றார். டேங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்பி, நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் போய் வந்து, அதே பங்க்கில் மறுபடி நிரப்பினான். ஏழு லிட்டர் தொள்ளாயிரம். பதினான்குக்கும் கொஞ்சம் மேலே. அன்று சாயங்காலமே அருள்முருகனிடமிருந்து சாவியை வாங்கிவிட்டார்கள். பதினான்கு கொடுக்கிற வண்டி அவன் கையில் மட்டும் பதினொன்று கொடுத்தால், மீதி டீசல் கேனில்தானே போயிருக்க வேண்டும்?

முழுக்க அப்படி இல்லை என்பது பிரடெரிக்குக்குத் தெரியும். ஓட்டுகிற விதத்திலேயே இரண்டு கிலோமீட்டர் போய்விடும். ஏல ஓட்டத்தில் இன்னும் கொஞ்சம் போகும். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று ஜெட்டியில் நின்ற அத்தனை பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்மாட்டி அவன் தோளில் கை போட்டு, "இவன்தாம்லே டிரைவர்" என்றார். அவன் பேசாமல் நின்றுவிட்டான்.

அது நடந்து ஒரு வருஷம் கழித்து சம்மாட்டியின் மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை கிளாட்சன் வெளிநாட்டில் படகுப் பட்டறையில் வேலை பார்த்துத் திரும்பியவன், சுறுசுறுப்பான ஆள். மாமனார் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்ற பேர் வந்துவிடக் கூடாது என்று வந்த மாதமே எல்லாவற்றிலும் கை வைத்தான். வண்டிகளில் ஜிபிஎஸ் மாட்டினான். பங்க்கில் ஊற்றுகிற டீசலுக்குத் தினமும் செல்போனில் படம் அனுப்பச் சொன்னான். பிறகு ஆயில் பக்கம் வந்தான்.

"படகுக்கு ஒரு ஆயிலு, வண்டிக்கு ஒரு ஆயிலா? எதுக்கு?" என்றான். "நாப்பது நம்பர் ஆயிலு பேரல் பேரலா கெடக்கு. அம்புட்டுப் பெரிய போட்டு இன்ஜினே அதுல ஓடுது. இந்தச் சின்ன வண்டி ஓடாதா? கெட்டியான ஆயிலு போட்டாத்தாண்ணே இன்ஜின் தேயாது."

"தம்பி, புக்குல வேற மாதிரி போட்டிருக்கு" என்றான் பிரடெரிக்.

"ஏன்னு போட்டிருக்கா?"

பிரடெரிக்குக்கு ஏன் என்று தெரியாது. மூன்று வண்டிகளுக்கும் படகு ஆயில் ஊற்றப்பட்டது.

ஒரு மாதத்துக்குள் வண்டி மாறியதை அவன் கால் கண்டுகொண்டது. காலையில் ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் சோம்பல் முறித்தது. மிதியைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால்தான் பாம்பன் பாலத்து ஏற்றத்தில் ஏறியது. இரண்டாவது மாதம், ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு விளக்கு எரிய ஆரம்பித்தது. கிளாட்சனிடம் சொன்னான். "உப்புக் காத்துல சென்சார் போயிருக்கும்ணே. அது பாட்டுக்கு எரியட்டும்" என்றான் அவன். மைலேஜ் பதின்மூன்றானது, பன்னிரண்டானது. நான்காவது மாதம் பதினொன்றுக்கு வந்து நின்றது.

பிரடெரிக் செய்யாதது இல்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினான். சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிச் சுழற்றிப் பார்த்தான். ஐம்பத்தைந்தை ஐம்பதாகக் குறைத்தான். முன்பெல்லாம் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நின்றால் அணைப்பான். இப்போது அரை நிமிஷம் நின்றாலும் அணைத்தான். எவ்வளவுக்கு எவ்வளவு சிக்கனமாக ஓட்டினானோ அவ்வளவுக்கு அவ்வளவு மைலேஜ் இறங்கியது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் கை வைத்தபடி யோசித்துக்கொண்டே இருப்பான். ஷெரின் இரண்டு தரம் கூப்பிட்டால்தான் நிமிர்வான்.

மற்ற இரண்டு வண்டிகளுக்கும் அதே ஆயில்தான். அவையும் குறைந்திருக்க வேண்டும். ஆனால் அவை, அருள்முருகனுக்குப் பதிலாக வந்தவன் ஓட்டியதும் சேர்த்து, எப்போதும் போலப் பதினொன்றே கொடுத்தன. அது எப்படி என்று பிரடெரிக் குழம்பிக்கொண்டிருந்தபோது, ஜெட்டியில் டீ குடித்துக்கொண்டிருந்த மூன்றாவது வண்டி டிரைவர் சிரித்துக்கொண்டே அவன் காதருகில் வந்து சொன்னான்: "நாங்க கொறச்சு எடுக்கோம்ண்ணே. அம்புட்டுத்தான். நீயும் சரிக்கட்டிக்க."

பிரடெரிக்கிடம் சரிக்கட்ட எதுவும் இல்லை. ஒரு சொட்டுக்கூட எடுத்தவன் இல்லை. எடுத்தவர்கள் கொஞ்சம் குறைத்து எடுத்தார்கள், அவர்கள் வண்டி பழையபடியே ஓடியது. மூன்று வண்டியில் இவனுடையது மட்டும்தான் கிளாட்சனின் செல்போனில் கீழே கீழே இறங்கிக்கொண்டே போனது.

ஒரு வியாழக்கிழமை காலை, ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தபோது கிளாட்சன் வந்தான். சம்மாட்டியும் கூட வந்தார். சுற்றி ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

"பதினாலு குடுத்துக்கிட்டிருந்த வண்டி இப்பப் பதினொண்ணு" என்றான் கிளாட்சன். "வண்டி அதே வண்டி. ரோடு அதே ரோடு. ஆளும் நீங்கதான். என்ன மாறுச்சுண்ணே?"

"ஆயிலு மாறுச்சு, தம்பி."

"மத்த ரெண்டு வண்டிக்கும் அதே ஆயிலுதானே? அது ரெண்டும் கொறயலயே?"

பிரடெரிக் மற்ற இரண்டு டிரைவர்களையும் பார்த்தான். ஒருவன் டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் செல்போனில் இருந்தான். சொல்லியிருக்கலாம். இரண்டு பேருக்கும் பிள்ளைகள் உண்டு. அருள்முருகனுக்கு வேலை போன பிறகு அவன் வீட்டுச் சாமான்களை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போனதைப் பிரடெரிக் பார்த்திருக்கிறான். தார்ப்பாய்க் கயிற்றைப் பிடித்து இழுத்துக் கட்டத் தொடங்கினான்.

சம்மாட்டிதான் பேசினார். "சரிலே, சண்ட வேணாம். சனிக்கெழம மாப்பிள்ள கூட உக்காரட்டும். நீ ஓட்டு. வழக்கமான பாரம், வழக்கமான ரோடு. என்ன குடுக்குதுன்னு பாத்துருவோம். பதினொண்ணுதான் குடுத்துச்சுன்னா வண்டியிலதான் கோளாறு. ஓம்மேல ஒண்ணுமில்ல."

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஷெரின் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நண்டு ஓடு கிழித்த விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நல்லதாப் போச்சு. அன்னைக்கு மட்டும் மத்தவுக மாதிரி ஓட்டுங்க. அழுத்தி ஓட்டுங்க. பிரேக்கப் போட்டுப் போட்டு ஓட்டுங்க. பத்து குடுத்தாலும் நல்லதுதான். வண்டிலதான் கோளாறுன்னு ஆயிரும்."

"ம்" என்றான்.

"ம்ன்னு சொன்னாப் பத்தாது. செய்யணும்."

"செய்யிறேன்."

இடையில் வெள்ளிக்கிழமை திடீரென்று தூத்துக்குடிக்கு ஒரு லோடு வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிற்காமல் ஒரே சீராகப் போய்விட்டு வந்தான். போகும்போது, சாயல்குடி தாண்டியதும் மஞ்சள் விளக்கு தானாக அணைந்தது. அதுவரை மூச்சு முட்டிக்கொண்டிருந்த இன்ஜின் அதன் பிறகு லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. நாளைக்கு நல்லபடியாக முடியப் போகிறது என்பதற்கு அடையாளம் என்று நினைத்து, வேளாங்கண்ணி மாதா படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

சனிக்கிழமை காலை மண்டபம் பங்க்கில் டேங்க்கை நிரப்பினார்கள். கிளாட்சனே குனிந்து பார்த்து, "போதும்" என்றான். ஐஸ் ஏற்றினார்கள். கிளாட்சன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினான்.

பிரடெரிக் ஷெரின் சொன்னதை மறக்கவில்லை. முதல் கியரைப் போட்டதும் மிதியை அழுத்தத்தான் நினைத்தான். இன்ஜின் கத்தத் தொடங்கியதும் இடது கால் தானாகக் கிளச்சுக்குப் போனது, கை தானாகக் கியரை மாற்றியது. சரி, பாலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். பாலத்தில் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பக்கவாட்டில் அடித்தது. அந்தக் காற்றில் வேகமாகப் போவது எப்படி என்றே அவனுக்குத் தெரியவில்லை. நாற்பதில் போனான். தங்கச்சிமடத்தில் முன்னால் பஸ் நின்றது. நெருங்கிப் போய் பிரேக்கை மிதிக்க வேண்டும். அவன் கால் நூறு அடிக்கு முன்பே மிதியை விட்டு இறங்கியிருந்தது. பஸ் கிளம்பியது, இவன் நிற்காமலே அதன் பின்னால் போனான். ஜெட்டியில் சாவியைத் திருப்பி அணைத்த பிறகுதான் ஐயையோ என்று தோன்றியது.

திரும்பி ராமநாதபுரம் போகும்போது ஒரு இடத்தில், பற்களைக் கடித்துக்கொண்டு, எழுபது வரை போனான். கிளாட்சன் திரும்பிப் பார்த்தான். பிரடெரிக்குக்கு முகம் கூசியது. பத்து நிமிஷம்கூட அந்த வேகத்தில் போக முடியவில்லை. உடம்பெல்லாம் ஏதோ தப்பு செய்கிற மாதிரி இருந்தது. இறக்கினான். அதன் பிறகு ஷெரினையும் மறந்தான், கிளாட்சனையும் மறந்தான். வண்டி முன்பு போல லேசாக, சொன்னதைக் கேட்டு ஓடியது. நாலு மாதம் கழித்து அது அவனிடம் திரும்பி வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், இருபது வருஷத்தில் கற்றது அத்தனையையும் சேர்த்து ஓட்டினான்.

நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். பங்க்கில் நிரப்பியபோது எட்டு லிட்டர் நூறு காட்டியது. கிளாட்சன் செல்போனில் வகுத்துப் பார்த்தான்.

"பதிமூணு புள்ளி எட்டு" என்றான்.

பிரடெரிக் ஒரு கணம் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பைக் கிளாட்சன் பார்த்தான். சிரிப்பு முடிவதற்குள் பிரடெரிக்குக்கும் புரிந்துவிட்டது.

"நான் ஒக்காந்தாப் பதினாலு. நான் இல்லாட்டிப் பதினொண்ணு" என்றான் கிளாட்சன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னான். "நான் வண்டியிலதான் கோளாறா இருக்கும்னு நெனச்சேன்ண்ணே. நெசமாவே அப்படித்தான் நெனச்சேன்."

சம்மாட்டி போலீசுக்குப் போகவில்லை. சத்தம் போடவும் இல்லை. சாவியைக் கை நீட்டி வாங்கிக்கொண்டு, "பதினோரு வருசம்லே" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் ஷெரின் அழுதாள், திட்டினாள். "ஒரே ஒரு நாளு மோசமா ஓட்டத் தெரியலயே ஒங்களுக்கு" என்றாள். அதெல்லாம் பிரடெரிக் எதிர்பார்த்ததுதான். மூன்றாம் நாள், துணி மடித்துக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டாள்: "எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. ஏதாச்சும் எடுத்தீகளா?"

அவன் எழுந்து போய் வாசலில் நின்றான். அன்று ராத்திரி சாப்பிட உள்ளே வரவில்லை.

பிக்கப் முதலாளிகளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருந்தது. அதில் யாரோ ஒருவர் குரல் பதிவு போட்டிருந்தார். பேர் சொல்லவில்லை, "பதினாலு குடுக்கிறவன்னு பேரெடுத்த ஆளு" என்று மட்டும் சொல்லியிருந்தார். அது போதுமானதாக இருந்தது. ராமநாதபுரத்தில் பழக்கடைக்காரர் ஒருவர் திங்கட்கிழமை வரச் சொன்னார். திங்கட்கிழமை போனபோது சாவி வேறொருவன் கையில் இருந்தது. ராமேஸ்வரத்தில் லாட்ஜுக்குத் தண்ணீர் வண்டி ஓட்டக் கேட்டான். பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். ஜெட்டிப் பக்கம் போனால் எவனாவது கேனை எடுத்து ஒளித்து வைப்பது போல நடித்துக் காட்டினான். அதோடு அங்கே போவதை நிறுத்திக்கொண்டான்.

நாலரை மாதம் கழித்து மலையாண்டி போன் செய்தான். "ஒரு எட்டு வந்துட்டுப் போ பிரடெரிக்கு" என்றான். உச்சிப்புளி ஒர்க்‌ஷாப்பில் பிரடெரிக்கின் பழைய வண்டி நின்றிருந்தது. பாலத்து மேலேயே இழுக்காமல் நின்றுவிட்டதாம். கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்கள். மலையாண்டி ஆயில் அளக்கும் கம்பியை உருவிக் காட்டினான். ஆயில், மேல் கோட்டையும் தாண்டி இரண்டு விரல் உயரத்தில் இருந்தது.

"ஆயிலு கொறயும். கூடிப் பாத்திருக்கியா? மோந்து பாரு."

டீசல் வாசம்.

மலையாண்டி வண்டிக்கு அடியில் குந்தி, சைலன்சரில் வீங்கின மாதிரி இருந்த பாகத்தை ஸ்பேனரால் தட்டினான். "இதுக்குள்ள ஒரு சல்லட இருக்கு. புகையில வார கரியப் புடிச்சு வச்சுக்கும். நெறஞ்சிருச்சுன்னா வண்டியே கூடக் கொஞ்சம் டீசல விட்டு, சூடாக்கி, கரிய எரிச்சுத் தள்ளும். படகு ஆயில்ல சாம்பலு அதிகம். சாம்பலு எரியாது, சல்லடய அடச்சுக்கிரும். அடைக்க அடைக்க வண்டி திரும்பத் திரும்ப டீசல விட்டுக்கிட்டே இருக்கும். எரிஞ்சது போக மிச்சம் ஆயில்ல எறங்கிரும். நீ திருடுனதா அவுக சொன்ன டீசலு பூரா இங்கனதான் போயிருக்கு."

பிரடெரிக் அந்த வீங்கின இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "மத்த வண்டிக்கு ஏன் இம்புட்டு ஆகல?"

மலையாண்டி கையைப் பழந்துணியில் துடைத்தான். "அது எரிச்சு முடிக்க இருபது நிமிசம் ஆகும். நடுவுல இன்ஜின அணச்சா எரியுறது நின்னு போயிரும். மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கும். மறுபடி டீசலு. அவனுக அணைக்காமப் போட்டு வச்சிருந்தானுக. நீ..."

"நான் நிக்கிற எடத்துலயெல்லாம் அணச்சேன்."

"ஆமா."

"தூத்துக்குடிக்குப் போனன்னைக்கு வெளக்கு அணஞ்சுச்சு."

"நிக்காம ஓடிருப்ப. எரிச்சுத் தள்ளிருக்கும். ரெண்டு மூணு நாளைக்கு நல்லாத்தான் ஓடும்." அவன் தோளைத் தொட்டான். "சம்மாட்டிகிட்ட நானும் சொல்லிட்டேன். நீயும் போய்க் கேளு."

பிரடெரிக் அன்று சாயங்காலமே போனான். சம்மாட்டி கரையில், ஏற்றி வைத்திருந்த படகுக்கு அடியில் பெயின்ட் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெயின்ட் அடிப்பவனை டீ குடிக்க அனுப்பினார். பிரடெரிக் ஆரம்பிப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியும்லே. மலையாண்டி சொன்னான். வண்டிகளுக்குப் பழைய ஆயிலையே போடச் சொல்லிட்டேன்."

"அப்ப நான் எடுக்கலன்னு..."

"எடுக்கல. தெரியும்."

பிரடெரிக் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "அத ஜெட்டியில வச்சு ஒரு வார்த்த சொல்லிருங்க சம்மாட்டி. வேல வேணாம். ஒரு வார்த்த."

சம்மாட்டி கடலைப் பார்த்தார். "என்னன்னு சொல்லச் சொல்ற? மாப்பிள்ள வண்டியக் கெடுத்துட்டு, பழிய ஓம்மேல போட்டான்னா? எம்மக இப்ப மாசமா இருக்கா. அவன் ஏற்கெனவே திரும்ப வெளிநாட்டுக்குப் போறேன்னு நிக்கிறான். வாயத் தொறந்து நான் அவன அசிங்கப்படுத்த முடியுமா?"

"எம்மகளும் காலேஜிக்குப் போறா. திருடன் மகளுன்னு..."

"பேசுவானுக. கொஞ்ச நாள்ல மறந்துருவானுக." எழுந்து வேட்டியைத் தட்டிக் கட்டினார். "எங்கயாச்சும் வெளியூர்ல பாருலே. இங்கன இருந்தா ஒனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்."

அவ்வளவுதான். உண்மை தெரியாமல் இருந்தவரை, ஒருநாள் தெரிந்துவிடும், அன்று எல்லாம் சரியாகிவிடும் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். இப்போது தெரிந்தும் ஆயிற்று. ஷெரினிடம் போய் ஒன்று விடாமல் சொன்னான். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "நான் அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றாள். அவன் தலையாட்டினான். அதற்குப் பிறகும் இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ ஒன்று குறைந்துதான் இருந்தது. அது திரும்பி வரவில்லை.

வேறு யோசனை எதுவும் இல்லாமல்தான் வாலிநோக்கத்துக்குப் பஸ் ஏறினான். அருள்முருகன் அங்கே உப்பளத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தான். மத்தியான வெயிலில் கண் கூசும்படி உப்பு குவிந்து கிடந்தது. அருள்முருகன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மூட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தான். உள்ளங்கைகள் வெடித்திருந்தன. பிரடெரிக்கைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. தைப்பதையும் நிறுத்தவில்லை.

"கேள்விப்பட்டேண்ணே" என்றான்.

பிரடெரிக் பக்கத்தில் குந்தினான். பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்து போயிற்று. "அன்னைக்கு ஒன் வண்டிய ஓட்டிக் காட்டிருக்கக் கூடாது. ஓட்டினாலும், ஓட்டுற விதத்துலயே பாதி போயிரும்னு சொல்லிருக்கணும். எனக்குத் தெரியும். சொல்லல."

அருள்முருகன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். "நான் எடுத்தேண்ணே. இல்லன்னு சொல்லல. வாரத்துக்கு ஒரு கேனு. எல்லாரும் எடுத்தோம். ஆனா நீங்க ஓட்டிக் காட்டுன அந்த ஒரு நாளால வருசம் பூரா எடுத்ததா ஆயிப் போச்சு. எம்பொண்டாட்டியே நம்பல, அம்புட்டையும் என்ன பண்ணேன்னு கேட்டா." அடுத்த சாக்கை இழுத்துப் போட்டான். "இப்ப எதுக்குண்ணே வந்தீக? மன்னிச்சிட்டேன்னு சொல்லணுமா?"

பிரடெரிக் குனிந்து, சிந்திக் கிடந்த உப்பைக் கையால் ஒதுக்கினான்.

"அதெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியல" என்றான் அருள்முருகன். கோபம் இல்லை. களைத்துப் போன குரல். கொஞ்ச நேரம் தைத்தான். "வேல ஏதும் இருக்கா?"

"இல்ல."

"இங்கன வண்டி ஓட்டுற வேல இல்ல. டிராக்டருக்கு ஆளு இருக்கு. செமக்குற வேலதான். முதுகு தாங்குமா?"

"பாக்குறேன்."

அந்த வாரமே பிரடெரிக் அங்கே சேர்ந்தான். உப்பள ஷெட்டில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வருவான், ஞாயிறு பூசைக்குப் பிறகு கிளம்பிவிடுவான். முதல் மாதம் முதுகு தாங்கவில்லை. பிறகு தாங்கியதா, வலியே பழகிவிட்டதா என்று அவனுக்கே தெரியவில்லை. அருள்முருகனும் அவனும் ஒரே வரிசையில் மூட்டை தூக்குகிறார்கள். வேலை நேரத்தில் பேசிக்கொள்வார்கள். சாப்பாட்டு வேளையில் அருள்முருகன் வேறு ஆட்களோடு போய் உட்கார்ந்துகொள்வான்.

ஆன்சி காலேஜை விடவில்லை. ஆனால் அப்பா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், வெளியூரில் வேலை என்று சொல்லப் பழகிக்கொண்டாள். ஷெரின் நண்டுக் கம்பெனியில் இரண்டு ஷிப்ட் பார்க்கிறாள்.

போன பங்குனியில் பிரடெரிக்கின் டிரைவிங் லைசென்ஸ் முடிகிற தேதி வந்தது. ஒரு மாதத்துக்கு முன்பே செல்போனில் தகவல் வந்திருந்தது. சனிக்கிழமை வந்தபோது ஆன்சிதான் எடுத்துக் காட்டினாள். "கண்ணு டெஸ்ட் பண்ணி ஒரு சர்டிபிகேட் வாங்கணும்ப்பா. மிச்சத்த நானே ஆன்லைன்ல போட்டுருவேன். திங்கக்கெழம ஒரு நாள் லீவு போடுங்க."

பிரடெரிக் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"அடுத்த வாரம் பாக்கலாம்மா" என்றான்.

அடுத்த வாரமும் அதையே சொன்னான். தேதி முடிந்து போயிற்று. அதற்கப்புறம் ஆன்சியும் கேட்கவில்லை.